ஏழுமலையின் கழுத்துக் கட்டியும் ஒரு வரிக் குடும்ப வரலாறும்

போன வாரம் உங்கள் லேபுக்கு வந்தபோது, "குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த மாதிரி இருக்கிறதா?" என்று நீங்கள் ஒரு நோயாளியிடம் கேட்டதை ஓரமாக உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தேன். கேள்வி முடிவதற்குள் பேனா 'இல்லை' என்று எழுதக் குனிந்துவிட்டது. நோயாளியும் சமர்த்தாக 'இல்லை' என்றார். இரண்டு பேருக்கும் வேலை முடிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓய்வு பெற்றவள் வாயைத் திறந்தாலே அறிவுரை என்று முகம் சுளிப்பீர்கள் என்பதால் அப்போது பேசாமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் திருவள்ளூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் சின்ன லேப் வைத்திருந்த காலம் அது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். வாரத்தில் ஒரு நாள் பெரியபாளையம் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குப் போவேன். அங்கே ஒரு நர்ஸிங் ஹோம். பட்டணத்திலிருந்து ஒரு சர்ஜன் அன்றைக்கு மட்டும் வந்து, வாரம் முழுக்கச் சேர்த்துவைத்த ஆபரேஷன்களை ஒரே மூச்சில் முடித்துவிட்டுப் போவார். வெட்டி எடுத்த கட்டிகளை நான் வாங்கி வந்து பரிசோதிப்பேன்.

கட்டியைக் கையில் வாங்கும் முன்னால், பழைய ஊசிப் பரிசோதனையின் ஸ்லைடைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது என் பழக்கம். வேறு லேபில் ரிப்போர்ட் கொடுத்திருந்தாலும் பார்ப்பேன். சர்ஜனுக்கு இது பிடிக்காது. "மேடத்துக்கு யார் மேலயும் நம்பிக்கை கிடையாது" என்று கிண்டல் செய்வார். உண்மைதான், கிடையாது. ஸ்லைடு விஷயத்தில் என்னையே நான் நம்பியதில்லை, அடுத்தவரை எப்படி நம்புவது?

அன்று காலை இரண்டு ஆபரேஷன். முதலில் ஒரு ஹெர்னியா. அடுத்தது ஏழுமலை. முப்பது வயதைத் தாண்டியவன். இரும்புக் கம்பி உருட்டும் ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டுகிறவன். சொந்த ஊர் பொதட்டூர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கழுத்தில், தைராய்டில் ஒரு கட்டி. ஊசி போட்டு எடுத்த செல்களைப் பட்டணத்து லேப் ஒன்று பார்த்து, 'ஃபாலிகுலர் வகைக் கட்டி, பாதித் தைராய்டை எடுத்துப் பார்க்கவும்' என்று எழுதியிருந்தது. தினமும் நாம் எழுதுகிற வரிதான். சர்ஜன் ஹெர்னியாவுக்குள் கையை விட்டிருந்த நேரத்தில், ரத்தப் பரிசோதனை அறையில் இருந்த பழைய மைக்ராஸ்கோப்பில் நான் அந்த ஸ்லைடை வைத்தேன்.

முதல் பார்வையிலேயே எனக்கு இது ஃபாலிகுலராகப் படவில்லை. ஃபாலிகுலர் கட்டியில் செல்கள் வட்டம் வட்டமாகக் கூட்டம் கூடி நிற்கும். இங்கே ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் சிதறிக் கிடந்தன. சில உருண்டை, சில நீட்டு. உட்கருவில் உப்பும் மிளகும் தூவினாற்போலப் புள்ளிகள். செல்களுக்கு நடுவே இளஞ்சிவப்பாக ஏதோ அப்பிக் கிடந்தது. முதலில் பார்த்தவர் அதைத் தைராய்டில் வழக்கமாக ஊறும் கொலாய்டு என்று நினைத்திருக்க வேண்டும். எனக்கு அது அமிலாய்டு என்ற புரதப் படிவு மாதிரி பட்டது. அப்படியானால் இது மெடுல்லரி, தைராய்டில் அரிதாக வருகிற ஒரு புற்றுநோய்.

நீங்கள் இதைப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள், பரீட்சையிலும் எழுதியிருப்பீர்கள். கால்சிடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் செல்லில் தொடங்குவது, சில குடும்பங்களில் ரெட் என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால் வழிவழியாக வருவது. அன்று காலை என்னைப் பயமுறுத்தியது அதற்கு அடுத்த வரி. அந்தக் குடும்பங்களில் சிலருக்குச் சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலும் கட்டி இருக்கும். அது இருப்பதே தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால், கட்டி தன் ஹார்மோன் சரக்கு மொத்தத்தையும் ரத்தத்தில் கொட்டிவிடும். ரத்த அழுத்தம் கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏறும். கழுத்தில் கத்தி வைக்கும் முன்பே ஆள் போய்விடலாம்.

ஆனால் என் கையில் என்ன இருந்தது? ஒரு காய்ந்த ஸ்லைடு. அமிலாய்டுதானா என்று பார்க்கத் தனிச் சாயம் வேண்டும், அது திருவள்ளூரில் இருந்தது. கால்சிடோனின் அளவு பார்க்க ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பி நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படியே மெடுல்லரியாக இருந்தாலும், பெரும்பாலும் அது குடும்பத்தோடு சம்பந்தமில்லாமல் தனியாக வருவது. அட்ரினல் கட்டி இருக்கும் என்று கட்டாயமில்லை. எல்லாம் 'இருக்கலாம்' தான். 'இருக்கலாம்' என்று சொல்லி ஒரு ஆபரேஷன் தியேட்டரை நிறுத்த முடியுமா என்று யோசித்தேன். எழுந்து வார்டுக்குப் போனேன்.

ஏழுமலை பச்சைத் துணி போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வெறும் வயிறு, சிடுசிடுப்பு. பக்கத்தில் மனைவி கஸ்தூரி, மூன்று வயதுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ஏழுமலையின் அப்பா தரையில் சுவரோரம் குந்தியிருந்தார். கேஸ் ஷீட்டில் ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. 'பயம்' என்று யாரோ பக்கத்தில் எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே, 'குடும்பத்தில் யாருக்கும் இல்லை' என்று இருந்தது.

"ரொம்ப வேர்க்குமா உனக்கு?" என்று கேட்டேன்.

அவன் சிரித்துவிட்டான். "இன்னா டாக்டரம்மா, ரோலிங் மில்லுல மேல கிரேன்ல குந்திகினு இருக்கறவனுக்கு வேர்க்காம குளிருமா?"

நியாயம்தான். உலைச் சூட்டுக்கு மேலே வேலை செய்கிறவனிடம் இதை யார் கேட்பார்கள்? மில் டாக்டர் கேட்டிருக்க மாட்டார், கேட்டாலும் காதில் வாங்கியிருக்க மாட்டார். ஆனால் கஸ்தூரி சிரிக்கவில்லை.

"லீவு நாள்ல கூட வேர்க்கும் டாக்டர்" என்றாள். "ஃபேனுக்குக் கீழ குந்திகினு நாஷ்டா துன்னுகினே இருப்பாரு. திடீர்னு மூஞ்சி வெளுத்துப் பூடும். சட்டை தொப்பலா நனைஞ்சிடும். மண்டை வலிக்குது, நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னுவாரு. கொஞ்ச நேரத்துல ஒண்ணுமே நடக்காத மாதிரி எந்திரிச்சிப் பூடுவாரு."

"ஏய், அது பித்தம்" என்றான் ஏழுமலை.

தலைவலி, வேர்வை, படபடப்பு. மூன்றும் சேர்ந்தாற்போல் வந்து சேர்ந்தாற்போல் போகின்றன. இவனுக்குள்ளே அந்தக் கட்டி இருக்கிறது என்று மனசு அடித்துச் சொன்னது. ஆனால் பித்தமா கட்டியா என்று சர்ஜனிடம் வாதாட மனசு சொன்னது மட்டும் போதாது. இன்னும் ஒரு பிடி வேண்டும்.

"உங்க குடும்பத்துல யாருக்காவது கழுத்துல கட்டி?"

"அதெல்லாம் யாருக்கும் இல்லம்மா" என்றார் பெரியவர். "கேட்டுட்டாங்க, சொல்லிட்டோம்."

நான் கேள்வியை மாற்றினேன். கட்டியை விட்டுவிட்டு, சாவைக் கேட்டேன். "ஆஸ்பத்திரியில, ஆபரேஷன் பண்ணும்போதோ பிரசவத்திலோ திடீர்னு யாராவது தவறியிருக்காங்களா?"

பெரியவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. ஏழுமலை கையை விரித்தான். கஸ்தூரிதான் மெதுவாக, "எங்கம்மா" என்றாள்.

"அது உன் பக்கம்மா. நான் இவர் பக்கத்தைக் கேக்கறேன்" என்றேன், கொஞ்சம் எரிச்சலோடு. தியேட்டர் கதவின் மேல் எனக்கு ஒரு கண். ஹெர்னியா எப்போது வேண்டுமானாலும் முடியும்.

கஸ்தூரி ஏதோ சொல்ல வாயெடுத்து, பெரியவரைப் பார்த்தாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அவ அம்மா என் பொண்ணுதாம்மா. மூத்தவ. இவனுக்கு அக்கா. அக்கா பொண்ணத்தான் இவனுக்குக் கட்டி வச்சிக்கீறோம்."

குழந்தை கஸ்தூரியின் வளையலை உருட்டிக்கொண்டிருந்தது.

"இத்தனை பேர் கேட்டாங்களே, ஏன் சொல்லல?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

பெரியவருக்கு என் கோபம் புரியவில்லை. "உன் குடும்பத்துலன்னு தானேம்மா கேட்டாங்க? அதைக் கட்டிக் குடுத்தாச்சு. அது அந்த ஊட்டு மனுசி. செத்ததும் அந்த ஊட்டுலதான், காரியம் பண்ணதும் அவங்கதான்."

அவர் பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. அவர் கணக்கில் மகள் வேறு குடும்பம். நம் கேள்வி அவர் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. மரபணுவுக்கு அந்த வாசல் தெரியாது. கட்டிக் கொடுத்த வீட்டுக்கும் கூடவே போகும், இந்த வீட்டில் பெண் எடுத்தால் திரும்பியும் வரும்.

"எப்படித் தவறுனாங்க?"

"தம்பி பொறக்கறப்போ" என்றாள் கஸ்தூரி. "வயித்தக் கிழிச்சி எடுக்கணும்னு உள்ள இட்டுகினு போனாங்க. நான் சின்னப் பொண்ணு. ஊசி போட்டதும் பிபி ஏறிகினே போச்சி, நிக்கவே இல்லன்னாங்க. தம்பியும் தங்கல. கழுத்துல எங்கம்மாவுக்கும் கட்டி இருந்திச்சி டாக்டர். பிரசவம் ஆவட்டும், அப்பால பாத்துக்கலாம்னு இருந்தாங்க."

நான் ஓடினேன். அந்த வயதில், அந்தப் புடவையில், நர்ஸிங் ஹோம் நடையில் ஓடியதைப் பார்த்து நர்ஸுகள் ஒதுங்கி நின்றார்கள். சர்ஜன் ஹெர்னியாவை முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அடுத்த கேஸை நிறுத்துங்க."

"என்ன மேடம், ஸ்லைடுல பேய் தெரியுதா?"

"மெடுல்லரி மாதிரி தெரியுது. அட்ரினல் பாக்காம மயக்கம் கொடுக்கக்கூடாது."

அவர் குழாயை மூடினார். "மெடுல்லரின்னு எழுதித் தருவீங்களா?"

"தர மாட்டேன். ஊருக்குப் போய்ச் சாயம் போட்டுப் பாக்கணும்."

"அப்போ சந்தேகம்தான். மேடம், சந்தேகத்துக்கெல்லாம் கேஸ் கேன்சல் பண்ணா நான் வாரா வாரம் சும்மா வந்துட்டுப் போகணும். அந்தப் பையன் பாவம், லீவு வாங்கறதுக்கே கான்ட்ராக்டர் கால்ல விழுந்திருக்கான். அடுத்த வாரம் லீவு கிடைக்கலைன்னா ஆபரேஷனே வேணாம்னு போயிடுவான். கேன்சரோட போவான். அதுக்கு நீங்க பொறுப்பா?"

அவர் கெட்டவர் இல்லை, இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னது எல்லாமே நடக்கக்கூடியது. தள்ளிப்போட்டால் ஒரு ஆபத்து, தள்ளிப்போடாவிட்டால் இன்னொன்று. எது பெரியது என்று சொல்லத் தராசு எதுவும் நம்மிடம் கிடையாது. நான் தப்பாக இருந்தால் இந்த நர்ஸிங் ஹோம் வாசலை மறுபடி மிதிக்க முடியாது என்பதும் அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது, ஆனால் வந்தது.

"ஸ்லைடை விட்டுடுங்க" என்றேன். "அவன் கூடப் பொறந்த அக்கா கழுத்துல கட்டியோட, தியேட்டர்ல பிபி ஏறிச் செத்திருக்கா. இவனுக்கு ஃபேனுக்குக் கீழ வேர்க்குது, தலை வலிக்குது, நெஞ்சு படபடக்குது. இதுக்கு மேல உள்ள கூட்டிட்டுப் போனா, அது உங்க முடிவு. நான் சொல்லிட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். "ஃபேமிலி ஹிஸ்டரி இல்லைன்னுதானே எழுதியிருக்கு?"

"எழுதினவரு வாசலோட நின்னுட்டாரு" என்றேன். அவருக்கு அது புரிந்திருக்காது. ஆனால் துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு வார்டுக்கு நடந்தார். விஷயத்தை அவரே ஏழுமலையிடம் சொன்னார். நான் வாசலில் நின்றேன்.

அதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஏழுமலை கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்றான்.

"இன்னா விளையாடறீங்களா? லீவு போட்டு, பட்டினி கெடந்து, துணி மாத்திகினு குந்திகினு கீறேன். இன்னிக்கி இல்லன்னா எனக்கு வேலை பூடும். கான்ட்ராக்டர் வேற ஆளைக் கிரேன்ல ஏத்திடுவான். பண்ணுங்க. வர்றது வரட்டும். கையெழுத்து வேணும்னா போடறேன்."

"டேய், டாக்டரம்மா சொல்றாங்கடா" என்றார் அப்பா.

"நீ சும்மா இரு நைனா. பேஜாரு பண்ணாத."

சர்ஜன் என்னைத் திரும்பிப் பார்த்தார். 'பார்த்தீர்களா?' என்று கேட்கிற பார்வை. அட்ரினல் என்றும் மரபணு என்றும் அவனிடம் என்ன சொல்வது? கஸ்தூரி குழந்தையைப் பெரியவர் மடியில் இறக்கிவிட்டுக் கட்டிலுக்குப் போனாள். அவன் பச்சைத் துணியைத் தோளில் கொத்தாகப் பிடித்தாள்.

"எந்திரி மாமா. எங்கம்மா இதே மாதிரி துணி போட்டுகினுதான் என்னப் பாத்துச் சிரிச்சிகினே உள்ள போச்சி. நீ போக வேணாம். வேலை போனா போவட்டும். எந்திரி."

அவன் அவள் கையைத் தட்டிவிடப் பார்த்தான். அவள் விடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் காலைத் தரையில் வைத்தான்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் மறக்க மாட்டேன். சிறுநீரும் ரத்தமும் சென்னைக்குப் போயின. திருவள்ளூரில் சாயம் போட்டேன், அமிலாய்டுதான். அதனால் மெடுல்லரி என்பது உறுதியாயிற்று, அட்ரினல் உறுதியாகவில்லை. ஸ்கேன் முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் வயிற்றில் ஒன்றும் இல்லை என்று வந்தால், ஒரு மனிதனின் வேலையை வீணுக்குப் பறித்தவள் நான். ஸ்கேனில் வலது அட்ரினலில் கட்டி இருந்தது. நான் சந்தோஷப்பட்டேன். ஒருவன் உடம்பில் கட்டி இருக்கிறது என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட கேவலத்தை இந்தத் தொழிலில் நீங்களும் ஒரு நாள் அனுபவிப்பீர்கள்.

சர்ஜன் தானே போன் செய்து ஏழுமலையைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார். மருந்து கொடுத்து ரத்த அழுத்தத்தை அடக்கி, முதலில் அட்ரினலை எடுத்தார்கள், பிறகு தைராய்டை முழுதாக எடுத்தார்கள். ஆள் பிழைத்தான். அவன் பயந்தபடியே கிரேன் வேலை போனது. பிற்பாடு காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான்.

இதோடு கதை முடிந்தது என்று நீங்கள் ஃபைலை மூடினால், உங்களுக்கு இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் வீண். கஸ்தூரியும் பிரசவத்தில் செத்த அந்த அக்காவின் மகள்தானே? ஏழுமலைக்கு மனைவி என்று வார்டில் நின்றிருந்தவள், மரபணுக் கணக்கில் நோயாளியின் அக்கா மகள். குழந்தைக்கு அது இரண்டு பக்கத்திலிருந்தும் வரலாம். அந்தக் காலத்தில் ரெட் மரபணுப் பரிசோதனை எல்லா இடத்திலும் கிடையாது. ஓர் ஆராய்ச்சிக் கூடத்தைப் பிடித்து, நாலு பேரின் ரத்தத்தையும் அனுப்பினேன். பெரியவருக்கு இல்லை. அப்படியென்றால், நாற்று நடும்போது வயலில் சுருண்டு விழுந்து எப்போதோ செத்துப்போன அவர் மனைவியிடமிருந்து வந்திருக்க வேண்டும். ஏழுமலைக்கு இருந்தது. கஸ்தூரிக்கு இருந்தது. குழந்தைக்கும் இருந்தது, அம்மா அப்பா தந்த இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும்.

கஸ்தூரியை முதலில் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவளுக்கும் அட்ரினலைப் பார்த்துவிட்டுத் தைராய்டை எடுக்க வேண்டும், குழந்தைக்குக் கட்டி வருவதற்கு முன்பே எடுத்துவிடலாம், எடுத்துவிட்டால் கழுத்தைப் பற்றிக் கவலை இல்லை, தினம் ஒரு மாத்திரை என்றேன். தன்னைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"பாப்பாவுக்கு யாருகிட்டருந்து வந்திச்சி டாக்டர்? அவருகிட்டருந்தா, என்கிட்டருந்தா?"

"சொல்ல முடியாதும்மா. ரெண்டு பேருகிட்டயும் இருக்கறது ஒரே மாற்றம், உன் பாட்டி கொடுத்தது. பாப்பாகிட்ட இருக்கறது எந்த வழியா வந்ததுன்னு கண்டுபிடிக்க முடியாது."

அவள் கதவைப் பார்த்தாள். வெளியே ஏழுமலை குழந்தையோடு உட்கார்ந்திருந்தான். "அப்ப என்கிட்டருந்து வந்திச்சின்னு சொல்லிடுங்க. அவரு தாங்க மாட்டாரு. ஏற்கெனவே தன்னாலதான் எல்லாம்னு பொலம்பிகினு கீறாரு."

"நான் ரிப்போர்ட்டுல இல்லாததைச் சொல்ல மாட்டேன், கஸ்தூரி."

அவளுக்குக் கோபம் வந்திருக்கும். எனக்கே என் மேல் கோபம்தான். ஏழுமலையைக் கூப்பிட்டேன். தழும்பு தெரியாமல் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். நான் பயந்த கேள்வியைத்தான் அவனும் கேட்டான்: "பாப்பாவுக்கு யாருகிட்டருந்து டாக்டரம்மா?" கஸ்தூரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாதுப்பா" என்றேன். "யாராலயும் சொல்ல முடியாது."

அவன் கஸ்தூரியைப் பார்த்தான். குழந்தையைத் தூக்கி அவள் மடியில் வைத்தான்.

"அப்ப சரி" என்றான். "மயக்க ஊசி போடறதுக்கு முன்னாடி பாக்கவேண்டிய டெஸ்டு எல்லாத்தையும் இவங்க ரெண்டு பேருக்கும் பாத்துடுவீங்க இல்ல? எப்ப இட்டாரணும்னு சொல்லுங்க."